கடைசி மூன்று கிலோ: அறுபதைக் கடந்தவர்கள் பொறுமையாக எடை குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இரண்டு நாள் விருந்து. கிடா வெட்டிக் குழம்பு, மறுநாள் அதே குழம்பைச் சுண்டவைத்துச் சாப்பாடு. மதுரைக்குத் திரும்பிய மறுநாள் காலையில் எடை பார்த்தேன்: 63.9 கிலோ. ஊருக்குக் கிளம்பும்போது 62.6. மூன்று மாதம் பாடுபட்டுக் குறைத்தது இரண்டு நாளில் திரும்பிவிட்டதே என்று நெஞ்சு கனத்துப் போனது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். பத்தாம் நாள் பெரியார் பஸ் நிலையத்தில் பஸ்ஸின் படியில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற ஒரு பெண் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தேன். அறுபத்தாறு வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அது என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு நோட்டைப் புரட்டினால், நான் பட்டினி கிடக்கத் தொடங்கிய ஐந்தாம் நாளே எடை 62.7-க்கு வந்திருந்தது. கூடியது கொழுப்பே இல்லை, உப்பும் தண்ணீரும்தான். இல்லாத எதிரியோடு சண்டை போட்டு என்னை நானே ஆபத்தில் தள்ளியிருக்கிறேன்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 154 செ.மீ. 64 வயதில் தொடங்கியபோது 76 கிலோ. முதல் 10 கிலோ குறைய 13 மாதம் ஆயிற்று. அடுத்த 3 கிலோவுக்கு 7 மாதம். 63-லிருந்து 60-க்குப் போகும் இந்தக் கடைசிப் பயணத்தில் ஒன்பது மாதமாக இருக்கிறேன். இதை எழுதும் வாரத்தின் சராசரி 60.7. இன்னும் போய்ச் சேரவில்லை. இலக்கின் அருகில் வந்து நின்றுவிட்டதாகத் தவிக்கும் என் வயதுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பது வயதுக்காரர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்குப் பல இடங்களில் பொருந்தாது, சில இடங்களில் தீங்கே செய்யும்.

முதல் படி: மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலோடு போங்கள்

எடை 10, 12 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். எனக்கு நடந்தது அதுதான்: 76 கிலோவில் எழுதிக் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையை 62 கிலோவிலும் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டையும் நிறுத்தவே அழுத்தம் இறங்கிவிட்டது. படுத்து எழும்போதும் குனிந்து நிமிரும்போதும் தலை சுற்றினால், உட்கார்ந்தும் நின்றும் இரு முறை அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டின் அளவைத் தாமாகக் குறைக்கவே கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். மாத்திரையைத் தாமாகக் குறைப்பதும் தவறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கீழே நான் சொல்லும் புரத அளவை மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். அதுவும் இவர்களுக்கும் சில அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆபத்து.

இரண்டாம் படி: ஏன் மெதுவாகிறது என்பதைப் பேனாவால் போட்டுப் பாருங்கள்

பொறுமையாக இரு, பொறுமையாக இரு என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுமை வரவில்லை. ஒரு நாள் கணக்குப் போட்டேன். அதன் பிறகுதான் வந்தது.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. உடம்பு ஓய்வில் செலவழிக்கும் கலோரியை மதிப்பிட 1990-இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இருக்கிறது. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்குங்கள், உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் 161-ஐக் கழியுங்கள். ஆண்கள் 161-ஐக் கழிப்பதற்குப் பதிலாக 5-ஐக் கூட்ட வேண்டும். வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவர்கள் வந்த விடையை 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் தேவை கிடைக்கும். இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும்.

இப்போதைய 66 வயதை வைத்தே இரண்டுக்கும் போட்டேன். எனக்கு 76 கிலோவில் ஒரு நாள் தேவை ஏறத்தாழ 1,725 கலோரி என்று வந்தது. 61 கிலோவில் 1,515. நான் சாப்பிடுவது அன்றும் இன்றும் சுமார் 1,450. அப்படியானால் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 275 கலோரி பற்றாக்குறை இருந்தது. 28 நாளில் ஒரு கிலோ குறைந்தது. இப்போது பற்றாக்குறை 65 கலோரி. ஒரு கிலோ குறைய ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும்.

அதே சாப்பாடு, அதே நடை, அதே ஒழுக்கம். உடம்பு சிறியதாகிவிட்டது, அதை நடத்த ஆகும் செலவும் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றோ என் உடம்பு கெட்டுப் போய்விட்டது என்றோ எத்தனை இரவு நினைத்து வருந்தியிருப்பேன்! சித்திரையில் தேர் நான்கு மாசி வீதியும் சுற்றி வரும். நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்து அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்துவார்கள். அதைப் பார்த்து, தேர் பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் எண்களைப் போட்டு, ஒரு கிலோவுக்கு எத்தனை நாள் என்று எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். எனக்கு நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறது. மாதத்துக்குக் கால் கிலோ குறைந்தால் கணக்கு சரி.

இந்த 65 என்ற எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: இலக்கு சரியானதா என்று மறுபடி கேளுங்கள்

இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. என்ற உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 154 செ.மீ. உயரத்துக்கு நான் 54 கிலோவாக வேண்டும். முதலில் அதைத்தான் எழுதிவைத்திருந்தேன். என் மருத்துவர் அதை அடித்துவிட்டு 60 என்று எழுதினார். 65-ஐக் கடந்தவர்களுக்கு அந்த எல்லையைக் கயிறு கட்டியதுபோல் பிடிக்க வேண்டியதில்லை, நோய் வந்து படுத்தால் தாங்குவதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்றார். முதியவர்களிடம் செய்த பல ஆய்வுகளிலும் சற்றே கூடுதல் எடை உள்ளவர்கள் மெலிந்தவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

இடுப்புச் சுற்றளவு இதைவிட நேர்மையான சாட்சி. தெற்காசியர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து என்ன பயன்?

இலக்கை இரண்டு கிலோ தளர்த்துவதைத் தோல்வியாக எண்ணுபவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரை, அழுத்தம், முழங்கால் எல்லாம் சீராகியிருந்தால் இப்போது நிற்கும் இடமே உங்கள் இலக்காக இருக்கலாம். அதை மருத்துவரோடு பேசி முடிவு செய்த பிறகு மேலே படியுங்கள்.

நான்காம் படி: எடை பார்க்கும் முறையை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டிஜிட்டல் எடை மிஷினை மொசைக் அல்லது டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். பாயின் மேல் வைத்தால் எண் தவறும். காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏறுங்கள். வந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை கூட்டி ஏழால் வகுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சராசரியைச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு வாரம்: 61.4, 60.9, 61.8, 61.2, 60.7, 61.1, 61.0. சராசரி 61.16. நான்கு வாரம் கழித்து வந்த சராசரி 60.9. ஆக மாதத்தில் கால் கிலோ குறைந்திருக்கிறது, என் 65 கலோரிக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்த ஒரே வாரத்துக்குள் எடை 60.7-க்கும் 61.8-க்கும் இடையில் ஒரு கிலோவுக்கு மேல் ஆடியிருக்கிறது. மாதம் முழுவதும் குறைந்ததைப்போல் நான்கு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடை பார்ப்பவர்கள் அந்த ஆட்டத்தின் ஏதோ ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் அல்லது அழுகிறார்கள்.

தினமும் எண்ணைப் பார்த்தால் மனம் கலங்கும் என்பவர்கள், மகனையோ மருமகளையோ எழுதச் சொல்லிவிட்டு மாதச் சராசரியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். என் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்கிறாள், நிம்மதியாக இருக்கிறாள்.

எடை ஆடுவதற்குக் காரணங்கள் எளியவை. உப்பு கூடினால் அதைக் கரைத்துவைக்க உடம்பு தண்ணீரைத் தேக்கும். கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய், ஓட்டல் சால்னா, இவை எது சாப்பிட்டாலும் மறுநாள் காலை எண் ஏறும். சோறும் பலகாரமும் கூடினால் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேரும். ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மலச்சிக்கல், புதிதாகச் செய்த உடற்பயிற்சியின் தசைவலி, ஊரில் உட்கார்ந்தே செய்த நீண்ட பஸ் பயணம், மூட்டுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, இவையும் ஏற்றும். அக்கினி நட்சத்திரத்தில் வேர்த்துக் கொட்டினால் எடை இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு மகிழாமல் மோர் குடியுங்கள், அது நீர் வற்றியதன் அடையாளம்.

காதுகுத்துக்குப் போய்வந்து கூடிய 1.3 கிலோ முழுக்கக் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், என் தேவைக்கு மேல் 10,000 கலோரி நான் சாப்பிட்டிருக்க வேண்டும். இந்த வயிற்றால் அது முடியுமா? அன்றைக்கே அந்தப் பெருக்கலைப் போட்டிருந்தால் பட்டினி கிடந்திருக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: குறைவது கொழுப்பாக இருக்கட்டும், தசையாக வேண்டாம்

சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையை இறக்கினால், இறங்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை முதலியவையாக இருக்கும். இளம் வயதில் போன தசை திரும்பும். நம் வயதில் திரும்புவது கடினம். வயது ஏற ஏற அது தானாகவே கரைந்துகொண்டும் இருக்கிறது. அவசரத்தின் உண்மையான விலை இதுதான். மிஷினில் எண் வேகமாக இறங்கும், ஆனால் தரையிலிருந்து எழும்போது கை ஊன்ற வேண்டியிருக்கும். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் முடி கொட்டுதலும் கூடுதலாக வருகின்றன.

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வந்த வல்லுநர் பரிந்துரைகள் சொல்கின்றன. 61 கிலோவுக்கு அது 61 முதல் 73 கிராம். நம் வீடுகளில் பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் காலையில் காபியும் இட்லியும், மதியம் இரசச் சோறு, இரவு கஞ்சி அல்லது இரண்டு இட்லி. இதில் பாதி தேறினாலே அதிகம். பல் இல்லை, செரிக்கவில்லை என்று முதலில் விடுவது கறியையும் பயறையும்தான்.

என் நாள் இப்படிப் போகிறது. காலை மூன்று இட்லி, காய் நிறைய போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: சுமார் 15 கிராம் புரதம். மதியம் ஒரு கப் சோறு, பருப்புக் கூட்டு, தயிர், கூடவே 100 கிராம் மீன்: 30 கிராம் வரும். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் அயிரை மீன் குழம்பு. தேங்காயைக் குறைத்து வைத்தாலும் அதன் ருசி குறைவதில்லை, இதை உறுதியாகச் சொல்கிறேன். மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல், 12 கிராம். இரவு இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்பு, ஆடை எடுத்த பால் ஒரு டம்ளர். மொத்தம் 70-ஐத் தொடும். சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் பனீர், சோயா, கெட்டித் தயிர், முளைகட்டிய பயறு என்று மாற்றிக்கொள்ளலாம். வாரம் மூன்று நாள் கேழ்வரகு சேர்த்தால் எலும்புக்கும் நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

ஒரே வேளையில் புரதத்தைக் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள்.

ஆறாம் படி: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள்

புரதம் சாப்பிட்டால் மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது தங்காது. 65-ஐக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான நடையும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நடையைப் பலர் செய்கிறார்கள், மற்ற இரண்டையும் யாரும் தொடுவதில்லை.

சுவரில் ஒட்டிய, கை இல்லாத நாற்காலி ஒன்று போதும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் தரும் அளவுகோலின்படி 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11-க்குக் குறைவாகவும் ஆண்கள் 12-க்குக் குறைவாகவும் செய்தால் கீழே விழும் அபாயம் கூடுதல். தொடங்கியபோது நான் செய்தது 8. இப்போது 14. எடை மிஷின் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த மாதங்களில்தான் இந்த எண் ஏறியது. அதனால் இதையும் அதே நோட்டில் மாதத்துக்கு ஒரு முறை எழுதுகிறேன்.

பயிற்சியாகச் செய்யும்போது வாரம் மூன்று நாள் எட்டெட்டாக மூன்று சுற்று. கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தூக்கி இறக்குவது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறேன், ஒரு கை மேடையின் அருகில் இருக்கும். மூட்டு வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

நடைக்கு மதுரையில் இடத்துக்குக் குறைவில்லை. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு சித்திரை வீதிகளும் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். வாகனம் வராத, மேடு பள்ளம் இல்லாத கல் தளம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதைப்போல் வசதி வேறில்லை. பங்குனி முதல் ஆனி வரை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நடையால் எடை ஒன்றும் ஓடிப்போய்விடாது. என் எடையில் ஒரு கிலோமீட்டருக்கு 40, 50 கலோரிதான் செலவாகும். ஆனால் பற்றாக்குறை 65 ஆக இருக்கிறவளுக்கு அந்த ஒரு கூடுதல் சுற்று எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

ஏழாம் படி: ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்

இப்போது அந்த 65-க்கு வருவோம். அரை மேசைக்கரண்டி எண்ணெய் 60 கலோரி. தோசை மொறுமொறுப்பாக வரட்டும் என்று ஓரத்தில் விடும் எண்ணெய் அது. காபிக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை 40 கலோரி. பேரன் தட்டில் மிச்சம் வைத்த அரைத் துண்டு பரோட்டா, வடை சுடும்போது உப்பு பார்க்க வாயில் போட்டது, பஜனைக்குப் போன இடத்தில் கொடுத்த கேசரி. இவற்றில் ஒன்றிரண்டு நாள்தோறும் நடந்தால் போதும், என் நான்கு மாதக் கிலோ எட்டாக் கிலோ ஆகிவிடும்.

தொடக்கத்தில் 275 கலோரி பற்றாக்குறை இருந்தபோது இந்த ஒழுக்கெல்லாம் தெரியவில்லை. அளவு பார்த்துப் பார்த்துச் சலித்து, ஓராண்டு கழித்துக் கைக் கணக்குக்கு மாறியிருப்போம். கை மெல்ல மெல்லத் தாராளமாகியிருக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் மட்டும் மீண்டும் அளந்து பாருங்கள். சோற்றை அதே கப்பில் எடுங்கள், எண்ணெயைக் கரண்டியில் ஊற்றுங்கள், வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்பதை ஆளுக்கு வகுத்துப் பார்த்தாலே என் வீட்டில் ஒழுக்கு தெரிந்துவிட்டது. இதற்காக ஆண்டு முழுவதும் தராசோடு வாழ வேண்டாம். அது வாழ்க்கையைக் கசக்கச் செய்யும்.

ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் இல்லாமல் மதுரையில் எப்படி இருப்பது என்று கேட்பார்கள். இருக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை சிறிய டம்ளர், உட்கார்ந்து, முழு மனத்தோடு குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி.

எட்டாம் படி: மனிதர்களைச் சமாளிப்பது

நம் ஊரில் இளைத்தவரைப் பார்த்தால் யாரும் பாராட்டுவதில்லை. "என்ன மதினி, இப்படி வற்றிப் போனீர்கள்? சர்க்கரையா? மருமகள் சோறு போடவில்லையா?" இந்தக் கேள்வி என் மருமகளை எவ்வளவு புண்படுத்தியது என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்: முழங்காலுக்காக மருத்துவர் சொல்லித்தான் குறைத்தேன், இவள்தான் அளந்து போட்டுக் காப்பாற்றுகிறாள். கேட்டவர்கள் அதற்கு மேல் பேசுவதில்லை.

விருந்தில் இலையில் உட்கார்ந்தவுடன் முதல் பரிமாறலிலேயே கறி, முட்டை, கூட்டு, பொரியல் என்று நிறையச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பாதியில் நிறுத்துங்கள். வேண்டாம் என்று மறுப்பதைவிட, இதைக் கொஞ்சம் கூட வை என்று கேட்பவரைப் பரிமாறுபவருக்குப் பிடிக்கும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவையிலிருந்து அழகர் திரும்பும் வரை வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுப்பார்கள். அந்த வாரத்தில் நான் எடையே பார்ப்பதில்லை. அழகர் மலைக்குத் திரும்பி ஐந்து நாள் ஆன பிறகுதான் மிஷினை வெளியே எடுப்பேன்.

ஒன்பதாம் படி: உண்மையிலேயே நின்றுவிட்டால்

ஒரு வாரம் எண் அசையாததை நின்றுவிட்டது என்று சொல்லாதீர்கள். எட்டு வாரமாகச் சராசரி குறையாமலும், இடுப்புச் சுற்றளவு குறையாமலும் இருந்தால்தான் நின்றிருக்கிறது. அப்போது முதலில் ஏழாம் படியின் அளவு வாரத்தைச் செய்யுங்கள். ஒழுக்கு இல்லை என்றால் நடையில் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். அதற்கும் எட்டு வாரம் கொடுங்கள். அதன் பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். அதுவும் நாளுக்கு 100 கலோரிக்கு மேல் வேண்டாம், சோற்றிலும் எண்ணெயிலும் குறையுங்கள், புரதத்தில் வேண்டாம். 1,200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறங்கவே கூடாது.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் உதவியது. சலிப்புத் தட்டினால் ஒரு மாதம் குறைப்பதை நிறுத்திவிட்டு, இருக்கும் எடையை ஏறாமல் காப்பதை மட்டும் வேலையாக வையுங்கள். அந்த மாதம் வீணாவதில்லை. இலக்கை அடைந்த பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்யப் போகும் வேலைக்கு அது ஒத்திகை. இந்த ஒன்பது மாதத்தில் இரண்டு மாதம் நான் அப்படி இருந்தேன்.

எண் நகராத மாதங்களில் வேறு சாட்சிகளைக் கேளுங்கள். என் ரவிக்கைகளைத் தையல்காரர் இரண்டு முறை பிடித்துத் தைத்திருக்கிறார். மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறுகிறேன். முழங்கால் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் செய்த ஆய்வில், எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பது மாதத்தில் குறைந்த என் 2.3 கிலோ, ஒவ்வொரு அடிக்கும் ஒன்பது கிலோ. தெப்பக்குளத்தைச் சுற்றும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

இதற்கு மாறாக, வேகமாகக் குறைந்தால்

நீங்கள் எதையும் மாற்றாமலே எடை மளமளவென்று இறங்கினால் மகிழாதீர்கள். முயற்சி இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோக்காரருக்கு 3 கிலோ, மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பசியின்மை, விழுங்கச் சிரமம், மலத்தில் இரத்தம், இரவில் வேர்வை இவற்றில் ஏதாவது கூட இருந்தால் அன்றைக்கே போங்கள். எடை குறைக்கும் முயற்சியில் இருப்பவர்கள்தான் இதைத் தவறவிடுகிறார்கள், பலித்துவிட்டது என்று நினைத்து. மாதக் கணக்கு எழுதிய நோட்டு இங்கேயும் உதவும்: கால் கிலோ குறைய வேண்டிய மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால் அது உங்கள் சாதனையாக இருக்க வாய்ப்பில்லை.

சேர்ந்த பிறகு

60 என்ற ஒற்றை எண்ணில் நிற்க யாராலும் முடியாது; ஒரே வாரத்தில் ஒரு கிலோ ஆடும் என்று பார்த்தோமே. அதனால் 59-க்கும் 61.5-க்கும் இடையில் என்று ஒரு வரப்புக் கட்டிவைத்திருக்கிறேன். மாதச் சராசரி மேல் வரப்பைத் தாண்டினால் ஒரு வாரம் அளந்து ஒழுக்கைத் தேடுவேன். கீழ் வரப்பைத் தாண்டினால் மாலைச் சுண்டலோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்ப்பேன், அதற்கும் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பேன். நாற்காலிப் பயிற்சி எந்த வரப்புக்கும் கட்டுப்பட்டதில்லை. அது எழுபதிலும் எண்பதிலும் தொடரும். என் கணக்குப்படி அந்த 0.7 கிலோ குறைய இன்னும் மூன்று மாதம் ஆகும். நோட்டில் பக்கம் இருக்கிறது.